முயலகனும் இரும்புச் சாவியும்

சென்ற மாதம் நமது ஊர்ச் சந்தைத் திடலில், வெயில் ஏறிய வேளையில், மூட்டை இறக்கிக் கொண்டிருந்த சுமார் இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் திடீரென்று ஓர் அலறல் அலறிக் கீழே விழுந்தார். உடம்பு கட்டை போல் விறைத்தது. பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளிற்று. ஒரு நிமிஷத்திற்குள் நூறு பேர் கூடிவிட்டார்கள். அந்த நூறு பேருக்கும் தெரிந்திருந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். “சாவி, சாவி” என்று கூவினார்கள்.

மூன்று சாவிகள் வந்தன. மூன்றையும் கையில் திணித்தும் இழுப்பு நிற்கவில்லை. உடனே ஒரு பெரியவர், இந்தக் காலத்துச் சாவியெல்லாம் பித்தளை என்றும், அதனால்தான் கேட்கவில்லை என்றும், அசல் இரும்பு வேண்டுமென்றும் தீர்ப்புச் சொன்னார். ஒரு லாரி டிரைவர் சக்கரம் கழற்றும் ஸ்பேனரைக் கொண்டு வந்து அந்த வாலிபர் கையில் கொடுத்து, இரண்டு ஆட்களை விட்டு அமுக்கிப் பிடிக்கவும் சொன்னார். வெட்டி இழுக்கின்ற கையில் அத்தனை கனமான இரும்பு! அது அவர் மண்டையைப் பிளக்காமல் விட்டது தற்செயலேயொழிய வேறில்லை. சிறிது நேரத்தில் இழுப்பு நின்றது. ஜனங்கள் ஸ்பேனரை வியந்தார்கள். டிரைவருக்கு ஒருவர் டீ வாங்கிக் கொடுத்ததையும் நாம் பார்த்தோம்.

அந்த வாலிபர் அரை மணி நேரங் கழித்துத் தெளிந்து எழுந்து, தமக்கு எங்கே அடிபட்டது என்று கேட்கவில்லை. “எங்க மாமனார் வீட்டுக்கு யாரும் சொல்லிடாதீங்க” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு நாம் தனியே விசாரித்ததில், இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வந்ததாகவும், ஒரு தடவைகூட வராமலிருந்ததாகவும், கிராமத்துக் கோடாங்கி ஒருவர் மாத்திரையையும் பூசையையும் சேர்த்து வைத்துக் கொண்டால் சாமி ஏற்காது என்று சொன்னதால் இருபது நாளாய் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். ஆகவே சந்தையில் விழுந்தது அவரல்ல, கோடாங்கியின் பேச்சைக் கேட்ட அவருடைய நம்பிக்கையே என்று சொல்ல வேண்டும். ஆனால் அடிபட்டதென்னமோ அவருடைய தாடைதான்.

இந்தச் சாவி சங்கதியில் ஜனங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு யோக்கியதை இல்லை. நமக்கு ஒன்பது வயதிருக்கும்போது நமது தாய்மாமன் களத்துமேட்டில் இப்படி விழுந்தார். பத்தாயச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் அவர் கையில் வைத்தவர் நாமே. இழுப்பு நின்றது. “பிள்ளை சமயத்தில் உயிரைக் காப்பாற்றினான்” என்று பாட்டியார் ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தப் பெருமை பல வருஷங்கள் நம்மிடம் இருந்தது. நாம் வைத்தியம் படித்தவரல்ல. பழைய புத்தகக் கடையில் பாதி அட்டை போன வைத்திய நூல் ஒன்றை வாங்கிப் படித்த பிறகுதான், சாதாரணமாக வலிப்பு என்பது ஒன்று முதல் மூன்று நிமிஷத்திற்குள் தானாகவே நின்றுவிடும் என்பது நமக்குத் தெரிந்தது. சாவியைத் தேடி எடுத்து, ஓடி வந்து, விரலைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடுகின்றது. நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கின்றது. அவ்வளவுதான் சாவியின் மகிமை. அந்த நேரத்தில் கையில் கத்தரிக்காயை வைத்திருந்தால் கத்தரிக்காய் தெய்வமாகியிருக்கும். வேப்பிலை, விபூதி, மந்திரித்த தண்ணீர், ஜெபம், தாயத்து எல்லாவற்றின் பிழைப்பும் இதே கணக்கில்தான் நடக்கின்றது. தானாக நிற்கக் கூடிய ஒன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு “நான் நிறுத்தினேன்” என்று சொல்வதற்கு மிகுந்த சாமர்த்தியம் தேவையில்லை.

அப்படியானால் வலிப்பு என்பதுதான் என்ன? மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் தன் சுவரிலுள்ள மிகச் சிறிய வாசல்களைத் திறந்து சோடியம் முதலிய உப்புச் சத்துக்களை உள்ளே விட்டும் வெளியே தள்ளியும் மின்சாரத் துடிப்பை உண்டாக்கித் தன் பக்கத்து அணுக்களுக்குச் சேதி சொல்லுகின்றது. சேதி சொல்லத் தூண்டுகிற வஸ்துக்கள் சில இருப்பது போலவே, போதும் என்று அடக்குகிற வஸ்துக்களும் மூளையில் இருக்கின்றன. சந்தையில் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிற வரையில் வியாபாரம் நடக்கின்றது. ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் ஒரே கூச்சலாய்க் கூவினால் யார் காதிலும் எதுவும் விழாது. அதுபோல மூளையின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ அணுக்கள் கட்டு மீறி ஒரே தாளத்தில் துடிப்பதுதான் வலிப்பு. கையை ஆட்டுகிற பகுதியில் அது நடந்தால் கை இழுக்கும். பார்வைக்குரிய பகுதியில் நடந்தால் இல்லாத வெளிச்சம் தெரியும். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள பகுதியில் நடந்தால் காரணமில்லாத பயம், இல்லாத வாசனை, எப்போதோ கேட்ட குரல், தெய்வமே எதிரில் வந்தது போன்ற பரவசம் இவையும் உண்டாகலாம். இழுப்பே இல்லாமல் சில விநாடி வெறித்துப் பார்ப்பதும், வாயை மென்று கொண்டே சட்டைப் பொத்தானைத் திருகுவதுங்கூட வலிப்பாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

“காக்காய் வலிப்பு” என்று இதற்குப் பெயர் வைத்ததால் காக்கைக்கு இதில் ஏதோ பங்கிருப்பதாகவும், சனி பகவான் வாகனமென்றும் சிலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். கால் கை வலிப்பு என்பதே வாயில் தேய்ந்து காக்காய் வலிப்பாயிற்று என்பர். ஒரு சொல் தேய்ந்ததற்குக் கூட எள் விளக்கு எரிகின்ற நாடு இது.

நிற்க. இந்த வியாதியைத் தெய்வத்தின் பேராலும் பிசாசின் பேராலும் வழங்கியதில் நமது தேசத்தாரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பாபிலோன் தேசத்துக் களிமண் ஏடுகளில் இன்னின்ன மாதிரி இழுப்புக்கு இன்னின்ன ஆவி என்று பட்டியலே இருக்கின்றது. கிறிஸ்தவர்களின் மாற்கு சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில், நுரை தள்ளிப் பல்லைக் கடித்து, தீயிலும் தண்ணீரிலும் விழுகின்ற ஒரு பையனுடைய கதை இருக்கின்றது. இழுப்பைக் கண்ணால் கண்டவர் எழுதியது போலவே அவ்வளவு சரியாக எழுதிவிட்டு, காரணம் மட்டும் அசுத்த ஆவி என்று முடித்திருக்கின்றது. நமது சைவர்களோ இந்த வியாதியைக் கல்லிலும் செம்பிலும் வடித்தே வைத்திருக்கிறார்கள். நடராஜர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கின்ற குள்ளனுக்கு வடமொழியில் அபஸ்மாரன் என்றும் தமிழில் முயலகன் என்றும் பெயர். இந்த வியாதிக்கும் அவையே பெயர்கள். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் என்ற சிற்றரசனுடைய மகளுக்கு வந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரிய புராணம் சொல்லுகின்றது.

நாம் கேட்பது இதுதான். ஆயிரம் வருஷமாகக் காலடியில் போட்டு மிதித்துக் கொண்டிருக்கும் முயலகன், மழவன் மகளைத் தவிர மற்ற குடியானவன் மகளையும், கூலிக்காரன் மகனையும் ஏன் விடவில்லை? ஒரு பெண் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்ததை நாம் மறுக்க வேண்டியதேயில்லை. வலிப்பு வந்த யாரும் எழுந்து உட்காரத்தான் செய்வார்கள். மறுநாள் வராமலிருக்கச் செய்தது யார் என்பதல்லவா கேள்வி?

இந்தக் கேள்வியை இற்றைக்கு ஏறக்குறைய 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் கேட்டிருக்கிறார்கள். ஹிப்போகிரட்டீஸ் என்ற வைத்தியரின் பேரால் வழங்கும் நூல்களில் ஒன்று “புனித நோய்” என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட இந்த வியாதியைப் பற்றியது. மற்ற வியாதிகளைவிட இதில் புனிதம் ஒன்றும் கிடையாதென்றும், வைத்தியம் தெரியாதவர்கள் தங்கள் அறியாமையை மறைக்கத் தெய்வத்தின் பேரைச் சொல்லுகிறார்களென்றும், இது மூளையில் உண்டாவதென்றும் அதை எழுதியவர் துணிந்து சொல்லுகிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி ஒரு வெள்ளாடு. வெள்ளாடுகளுக்கும் இந்த வியாதி வருவதுண்டு, அப்படி வந்த ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாறுவது தெரியும், ஆகவே கெட்டிருப்பது மூளையே என்கிறார். ஆட்டின் மேல் எந்தத் தெய்வம் வந்து ஆடுகின்றது? நமது ஊர்க் கோயிலில் ஆட்டின் மேல் தண்ணீரைத் தெளித்து அது தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்பார்கள். அவரோ அந்த ஆட்டின் தலையைத் திறந்து பார்த்தார்.

பார்த்தும் என்ன? இரண்டாயிரத்திருநூறு வருஷம் உலகம் அந்த வழியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1870இல் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரண்டு ஜெர்மானிய டாக்டர்கள் நாயின் மூளையில் லேசான மின்சாரத்தைத் தொட வைத்ததும் எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. மின்சாரத்தை அதிகமாக்கியதும் முழு வலிப்பே வந்தது. லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற டாக்டர், ஒரு விரலில் ஆரம்பித்துக் கைக்கும் முகத்துக்கும் ஏறுகின்ற இழுப்பைப் பொறுமையாய்க் கவனித்து, மூளையின் சாம்பல் நிறப் பகுதி திடீரென்று அளவு மீறி வேலை செய்வதே வலிப்பு என்று 1873இல் எழுதினார். அவருடைய மனைவிக்கே அப்படிப்பட்ட இழுப்பு வந்து கொண்டிருந்தது. வீட்டில் இந்தத் துன்பத்தை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கோயிலையும் சுற்றாமல் கவனித்துக் குறிப்பெழுதிய மனத்திடத்தை என்னவென்று சொல்வது!

பிறகு 1929இல் ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்து காட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வாலிபத்தில் ஓர் ஆபத்திலிருந்து தப்பிய அன்றே, தூரத்திலிருந்த தமக்கையார் மனம் பதறித் தந்தி அடிக்கச் சொன்னதால், ஒருவர் எண்ணம் இன்னொருவருக்குத் தானே பாயும் என்று நம்பி அதைத் தேடித்தான் இந்த வேலையில் இறங்கினார். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்ததை அவர் மறைக்கவுமில்லை. நம்பிக்கையோடு ஆரம்பித்தது குற்றமல்ல, கருவி காட்டியதை ஒப்புக்கொள்ளாமலிருப்பதே குற்றம். இன்று எந்த ஜில்லா ஆஸ்பத்திரியிலும் தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்க்கிறார்களே, அது இவர் கொடுத்தது. மாண்ட்ரியல் நகரத்து பென்பீல்டு என்ற இரண வைத்தியர், விழித்திருக்கும் நோயாளியின் மூளையை நெற்றிப்பொட்டுப் பக்கம் மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, சிலர் அங்கே இல்லாத பாட்டைக் கேட்டார்கள், சிலர் காலஞ்சென்ற காட்சிகளைக் கண்டார்கள். அசரீரி எங்கே பிறக்கின்றது என்பது அந்த மேஜையின் மேல் தெரிந்து போயிற்று.

மருந்தின் கதையோ இன்னும் கோணல் வழியாக வந்தது. 1857இல் லண்டனில் லோகாக் என்பவர் புரோமைடு என்ற உப்பைக் கொடுத்து வலிப்பை அடக்கினார். அது ஏன் கேட்கின்றது என்பதற்கு அவர் நினைத்த காரணம் முழுத் தவறு. ஆனாலும் மருந்து கேட்டது. 1912இல் பிரைபர்க் நகரத்தில் ஆல்பிரட் ஹவுப்ட்மான் என்ற இளம் டாக்டர் வலிப்பு நோயாளிகளின் பக்கத்திலேயே குடியிருந்தார். இரவெல்லாம் அவர்கள் இழுத்துக் கட்டிலிலிருந்து விழுகிற சப்தத்தில் தூக்கமில்லாமல் தவித்து, அவர்களைத் தூங்க வைப்பதற்காகப் பீனோபார்பிட்டால் என்ற புதிய தூக்க மருந்தைக் கொடுத்தாராம். தூங்கினார்கள் என்பதோடு பகலிலும் இழுப்புக் குறைந்து போயிற்று. அதைக் கவனித்து எழுதி வைத்தார். மூளையில் அடக்குகிற வஸ்துவின் பலத்தை அந்த மருந்து கூட்டுகின்றது என்பது வெகு காலத்திற்குப் பிறகே விளங்கிற்று. 1938இல் பாஸ்டன் நகரத்து மெரிட், பட்னம் என்ற இருவர் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கி, எந்த வஸ்து அதைத் தடுக்கின்றது என்று ஒன்றொன்றாகச் சோதித்து, பெனிடாயின் என்ற மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். அது சோடியம் நுழையும் வாசலை அளவுக்கு மேல் திறக்கவொட்டாமல் பிடிக்கின்றது. மேலும் எத்தனையோ மருந்துகள் பிறகு வந்திருந்தாலும், பீனோபார்பிட்டால் நூறு வருஷங்களுக்கு மேலாகியும் இன்றும் உபயோகத்திலிருக்கின்றது.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்லும் கணக்கின்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருக்கின்றது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியாக மருந்து கொடுத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழலாம். ஆனால் ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை. மருந்தில்லாமையால் மட்டுமா? கையில் மருந்து இருந்தும் சாமிக்கு ஆகாது என்று நிறுத்திய நமது சந்தை வாலிபரையும் சேர்த்தல்லவா அந்தக் கணக்கு!

இனி, நமது நாட்டுக்கே உரிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்பவர் குடலில் ஒரு நாடாப்புழு வளருவதுண்டு. அந்தப் புழுவின் முட்டைகள் அவருடைய மலத்தில் போய், மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கீரை, கழுவாத கை இவற்றின் வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் சென்றால், புழுக்குஞ்சு இரத்தத்தோடு மூளைக்கு ஏறி அங்கே சிறு பையாகத் தங்கிவிடுகின்றது. அது சாகும் காலத்தில் சுற்றிலும் வீக்கம் கண்டு வலிப்பு வருகின்றது. இந்தியாவிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு வந்ததன் காரணம் இதுவே என்று 1930களில் மக்ஆர்தர் என்ற இராணுவ டாக்டர் காட்டினார். வேலூர் ஜில்லாவில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் வீடு வீடாய்ப் போய்ப் பரிசோதித்து 2006இல் வெளியிட்டதில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று கண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஜன்மத்தில் பன்றியைத் தொடாதவருக்கும், வெங்காயம் கூடச் சேர்க்காத ஆசாரசீலருக்கும் இந்தப் புழு மூளையில் குடியேறலாம் என்பதே. மடிக்கும் தீட்டுக்கும் அது கட்டுப்படுவதில்லை. யாருடைய மலமோ யாருடைய கீரையிலோ சேர்ந்தால் போதும். இதைக் கேட்டவுடன் பன்றி வளர்க்கும் ஏழை ஜாதியார் மேல் பாய்வதற்கு ஒரு கூட்டம் தயாராயிருக்கும். கக்கூஸ் கட்டாத ஊரையும், சாக்கடைத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சவிட்ட முனிசிபாலிட்டியையும் கேட்க வேண்டியதை, குடிசையில் இருக்கிறவரைக் கேட்பது சௌகரியம் அல்லவா?

அதே வேலூரில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1980களில் மூளையைப் படமெடுக்கும் யந்திரம் வந்தபோது, வலிப்பு வந்த அநேகருடைய மூளையில் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. இது க்ஷயரோகக் கட்டி என்று டாக்டர்கள் நினைத்து மாதக்கணக்கில் க்ஷய மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் டாக்டர்கள் அப்படிப்பட்ட சில கட்டிகளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க, பெரும்பாலானவற்றில் இருந்தது க்ஷயமல்ல, புழுவே. அவற்றில் பல தானாகவே கரைந்து போவதையும் கண்டார்கள். 1991இல் அதைப் பகிரங்கமாக எழுதினார்கள். தாங்களும் தங்கள் கூட்டத்தாரும் இதுவரை எண்ணியது பிசகு என்று அச்சில் போட்டார்கள். எந்தக் கோடாங்கியாவது, எந்த மடாதிபதியாவது, எந்த ஜெபக் கூட்டத்துப் பிரசங்கியாவது “நான் இதுவரை ஓட்டியது பேயல்ல, பிசகிவிட்டேன்” என்று எழுதிக் கொடுத்ததுண்டா?

இனி கலியாண சங்கதிக்கு வருவோம். ஏனெனில் இந்த வியாதியால் வரும் கஷ்டத்தில் பாதி மூளையிலிருந்து வருவதில்லை, சம்பந்தி வீட்டிலிருந்தே வருகின்றது. மனுதர்மத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் பெண் கொள்ளக் கூடாத குடும்பங்களை எண்ணும் இடத்தில் க்ஷயம், குஷ்டம் இவற்றோடு அபஸ்மாரமும் இருக்கின்றது. அதே வரிசையில் வேதம் ஓதாத குடும்பமும் இருப்பதால் நம்மில் பெரும்பாலோர் வலிப்பு இல்லாமலே விலக்கப்பட்டவர்கள் என்பது வேறு விஷயம். மனுவோடு போய்விட்டதா என்றால் இல்லை. சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 1976இல் இந்து விவாகச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருகிறவர் மணந்து கொள்ளத் தகுதியற்றவர் என்று எழுதி வைத்தார்கள். பீனோபார்பிட்டால் வந்து 64 வருஷங்களுக்குப் பிறகு! அந்த வார்த்தையை எடுப்பதற்கு 1999 வரையில் ஆயிற்று. இங்கிலாந்திலும் வலிப்பு உள்ளவர் மணக்கக் கூடாதென்ற சட்டம் 1970 வரையில் இருந்தது. ஹிட்லருடைய ஜெர்மனியிலோ 1933இல் செய்த சட்டத்தில் பரம்பரை வலிப்பு என்று சொல்லப்பட்டவர்களும் சேர்க்கப்பட்டுப் பலவந்தமாகக் கருத்தடை செய்யப்பட்டார்கள். அச்சட்டத்தால் கெட்டவர்கள் மொத்தம் 4 லக்ஷம் பேர் வரையில். அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்து டாக்டர்களே கையெழுத்துப் போட்டார்கள். சட்டை மாற்றிக்கொண்ட பூசாரி அது. பீனோபார்பிட்டாலைக் கண்ட ஹவுப்ட்மானையே அவர் யூதர் என்பதற்காக 1938இல் பிடித்து டாக்கௌ சிறைக்கூடத்தில் அடைத்தார்கள். அவர் தப்பி அமெரிக்காவுக்குப் போய் 1948இல் இறந்தார்.

ஊர்க் கதையை ஏன் பேச வேண்டும்? நமது நெருங்கிய பந்து ஒருவருடைய மகளுக்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன் கலியாணம் நடந்தது. புரோகிதரில்லாமல், தாலிகூட இல்லாமல், மாலை மாற்றி நடந்த கலியாணம். நாமும் மேடையில் பேசினோம். அந்தப் பெண்ணுக்கு நாலு வருஷமாக மாத்திரையால் வலிப்பு இல்லாமலிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்று பெண்ணின் தாயார் கேட்டபோது, “நாலு வருஷமாய் வரவில்லையே, இப்போது எதற்கு?” என்று சொன்ன பெரியவர்களில் நாமும் ஒருவர். அவள் மாத்திரைச் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துக் கொண்டு போனாள். புதிய வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மாத்திரை போட முடியவில்லை. பத்தொன்பதாம் நாள் அடுப்பின் மேல் விழுந்தாள். வலது கை முழங்கை வரையில் வெந்து போயிற்று. பாத்திரம் பண்டங்களோடு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, “பொய் சொல்லிக் கட்டினீர்கள்” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். மேடையில் மந்திரத்தை ஒழித்தோம். வீட்டுக்குள் வெட்கத்தை ஒழிக்கவில்லை. அந்தக் கையை நாம் இப்போதும் மாதம் ஒரு முறையாவது பார்க்கிறோம். அவள் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள். மாத்திரை டப்பா மிஷின் மேலேயே இருக்கின்றது.

ஆகையால் பெண்ணோ பிள்ளையோ வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுகிறோம். வலிப்பு உள்ளவர் மணந்து கொள்ளலாம், பிள்ளை பெறலாம். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த வியாதி வருவதில்லை. மருந்துகளில் சில, முக்கியமாக வால்புரோவேட் என்பது, கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யக் கூடியது. அதனால் கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டுமேயல்லாமல், தானாக நிறுத்தக் கூடாது. மருந்துக்கு அடங்காதவர்கள் 100க்கு 30 பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க மாட்டோம். அவர்களில் சிலருக்கு மூளையில் கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிடும் சிகிச்சை பலன் தருகின்றது. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தில் அதைச் செய்து வருகிறார்கள். எல்லோருக்கும் குணமாகும் என்று வைத்தியர் சொல்வதில்லை. அப்படிச் சொல்கிறவர் கோடாங்கியாகத்தான் இருப்பார். இந்தக் கோடாங்கித் தொழிலில் பார்ப்பனரைவிட நம்மவரே அதிகம் என்பதையும், உடுக்கையடித்துச் சாட்டையால் அடிப்பவரும் சூடு போடுபவரும் நமது மாமன் மச்சான்களே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கின்றது. வலிப்புக்குப் பின் சில நாள் புத்தி தடுமாறிப் பிதற்றுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பைத்தியம் என்றும் பேய் என்றும் இழுத்துக் கொண்டுபோய்ப் புனித ஸ்தலங்களில் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியோடு ஓட முடியாமல் கருகிய மனநோயாளிகள் 28 பேர். அப்படிக் கட்டி வைக்கக் கூடாதென்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகின்றது.

பீனோபார்பிட்டாலும் பெனிடாயினும் விலை மிகக் குறைந்த மருந்துகள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காசில்லாமலே கிடைப்பவை. கோடாங்கிக்கு அந்த வாலிபர் கொடுத்தது ஒரு சேவலும் 500 ரூபாயும் என்று சொன்னார்.

சந்தையிலோ பஸ்ஸிலோ யாராவது இப்படி விழுந்தால் செய்ய வேண்டியதை எழுதச் சொல்லி அன்று கூட இருந்த தோழர்கள் கேட்டார்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கல், அடுப்பு, சக்கரம் பக்கத்திலிருந்தால் அதை விலக்குங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ போட வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது, பல்தான் உடையும். இழுப்புத் தணிந்ததும் ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியட்டும். தெளிகிற வரையில் ஒருவர் பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிஷத்திற்கு மேல் போனாலும், தெளியாமலே மறுபடி வந்தாலும், விழுந்தவர் கர்ப்பிணியானாலும், தண்ணீருக்குள் விழுந்திருந்தாலும் தாமதிக்காமல் 108க்குச் சொல்லுங்கள். சாவிக்கொத்து வைத்திருக்கும் அன்பர் அதைத் தமது பையிலேயே வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தை எண்ணுவாராக. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.